தந்தையில்லாத இரண்டு குலங்கள்

கார்டன் ரீச்சில் மழைக்காலம் வந்துவிட்டால் சுவர்களெல்லாம் பச்சை பூசிக்கொள்ளும். ரயில்வே குடியிருப்பின் மதில், துறைமுகக் கிட்டங்கிகளின் செங்கற் சுவர், மேட்டியாபுருஜ் சந்துகளில் தையற்கூடங்களின் படிக்கட்டு, எங்கு நோக்கினும் பச்சை. அதே மாதங்களில் கடைத்தெருவில் இறாலின் வரவும் மிகும். நீண்ட நீலக் கைகளை உடைய கல்தா சிங்ரி ஒரு கூடையிலும், விரலளவுக் குச்சோ சிங்ரி மற்றொரு கூடையிலும் குவிந்து கிடக்கும். சுவரில் உள்ளது தாவரம். கூடையில் உள்ளது விலங்கு. ஒன்றை நாம் சுரண்டி எறிகிறோம். மற்றொன்றை விலை பேசி வாங்குகிறோம். இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்ப்பானேன் என்று நண்பர்கள் கேட்கலாம்.

சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சுவர்ப் பாசியின் உறவினர் ஒன்று இமயமலையில் இருக்கிறது. உலகத்திலேயே மிக அரிய பாசிகளுள் அஃது ஒன்று. இறாலின் உறவினர் ஒன்று ஜெர்மனியின் மீன்தொட்டிகளில் தோன்றி, இன்று மூன்று கண்டங்களில் மலிந்து கிடக்கிறது. இரண்டும் பெருகும் முறையோ ஒன்றே. ஆண் துணை வேண்டாமல், தாய் தன்னையே படியெடுத்துப் பிள்ளையாக்கும் முறை அது. முறை ஒன்றாயிருக்க, ஒன்று ஏன் அருகி வருகிறது? மற்றொன்று ஏன் பெருகி வருகிறது? இந்த வினாவைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கலைப்பிரிவு நண்பர்கள் அஞ்ச வேண்டாம். பரீட்சைக்கு வரும் சொற்களைக் கூடியவரை குறைத்தே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் 'பாசி' என்னும் ஒரு சொல்லே பல பொருள்களுக்கு வழங்குகிறது. குளத்து நீரைப் பச்சையாக்கும் பாசிக்குத் தண்டும் இல்லை, இலையும் இல்லை. சுவரில் வளர்வது அப்படியன்று. ஒரு சிறு கொத்தைப் பெயர்த்துக் கைக்கண்ணாடியால் பாருங்கள். குட்டித் தண்டும், அதைச் சுற்றிக் குட்டி இலைகளும் தெரியும். ஒரு காட்டையே சுருக்கி வைத்தாற் போல் இருக்கும். ஆங்கிலத்தில் இதை 'மாஸ்' என்பர். குளத்துப் பாசியோடு குழம்பாமலிருக்க நானும் அச்சொல்லையே ஆளுகிறேன். அடுத்தது 'கிரேஃபிஷ்'. பெயரில் 'ஃபிஷ்' இருப்பினும் இது மீனன்று. கடலில் வாழும் சிங்கி இறாலைச் சிறிதாக்கி ஆற்றில் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இந்தியாவின் ஆறு குளங்கள் எதிலும் இயற்கையாக வாழும் கிரேஃபிஷ் கிடையாது. அதனால்தான் இதற்கு நம் மொழியிலும் பெயரில்லை, வங்காளியிலும் பெயரில்லை. தாமஸ் ஹக்ஸ்லி 1880இல் கிரேஃபிஷைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி, விலங்கியல் முழுவதையும் அந்த ஒரு பிராணியைக் கொண்டே கற்பித்தார். நம் நாட்டுக் கல்லூரிகளிலோ மாணவர் அறுத்துப் பார்த்து வந்தது ஆற்று இறாலை. கிடைப்பதைத்தானே அறுக்க முடியும்!

இனி இமயத்து மாஸின் வரலாற்றைக் காண்போம். அதன் தொடக்கம் நம் கார்டன் ரீச்சுக்கு எதிர்க்கரையைத் தொட்டுச் செல்கிறது.

ஜோசஃப் ஹூக்கர் என்னும் ஆங்கிலத் தாவர நூல் அறிஞர் 1848 ஜனவரியில் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்திறங்கினார். அந்நாளில் ஹூக்ளியின் இக்கரையில் வெள்ளைக்காரக் கனவான்களின் தோட்ட மாளிகைகள் வரிசையாக நின்றன. கார்டன் ரீச் என்னும் பெயரே அதனால் வந்ததுதான். அயோத்தியின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா தம் பரிவாரத்தோடு இங்கே வந்து குடியேறியது அதற்கு எட்டாண்டுகள் பின்னர், 1856இல். எதிர்க்கரையில் சிப்பூரில், 1787இல் ராபர்ட் கிட் நிறுவிய தாவரத் தோட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2009 முதல் ஆசார்ய ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹூக்கர் அத்தோட்டத்தைப் பார்வையிட்டார். பழைய மரங்கள் பல வெட்டப்பட்டுக் கிடந்த நிலையைக் கண்டு மனம் வருந்தி எழுதியும் வைத்தார். பின்னர் வடக்கே சென்று சிக்கிம் மலைகளில் ஏறினார். 1849இன் இறுதியில் சிக்கிம் அரசாங்கத்தார் அவரைச் சில வாரங்கள் சிறைவைத்த கதையும் உண்டு. அந்தப் பயணங்களில் அவர் திரட்டிய செடிகளுக்குள், தலைமயிர் போல் மெலிந்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமே உள்ள பச்சைத் துரும்பு ஒன்றும் சேர்ந்து வந்தது.

வில்லியம் மிட்டன் என்பார் 1861இல் அதற்குப் பெயரிட்டார். மாஸ் என்று கருதி அல்ல. மாஸுக்குப் பக்கத்து உறவான லிவர்வொர்ட் என்னும் வேறு வகுப்பில் வைத்து, லெபிடோசியா செரட்டோபில்லா என்றார். அந்தப் பெயரோடு அது தாள்களுக்கிடையே நூறாண்டு உறங்கியது. இதற்கிடையில் ஜப்பானில் நோரிவோ டக்காக்கி என்னும் அறிஞர் உயர்ந்த மலைகளில் இனம் தெரியாத ஒரு செடியைக் கண்டெடுத்தார். பார்த்தவர்களெல்லாம் திகைத்தனர். பாசியோ, மாஸோ, லிவர்வொர்ட்டோ, யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஜப்பானியர் அதற்கு வைத்த வழக்குப் பெயர் 'நஞ்ஜா மொஞ்ஜா கோக்கே'. 'இதென்னடா இது பாசி' என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். 1958இல் ஹட்டோரி, இனூவே என்னும் இருவர் அதற்கு டக்காக்கியா என்று புதுப் பேரினப் பெயர் சூட்டினர். 1963இல் குரோல்லே என்னும் ஜெர்மானியர், ஹூக்கரின் பழைய சிக்கிம் செடியும் இதே குடும்பம்தான் என்று கண்டு, அதையும் டக்காக்கியாவோடு சேர்த்தார். ஆக, உலகில் டக்காக்கியா இரண்டே இனம். ஒன்று முதன்முதலாகத் திரட்டப்பட்டது நம் சிக்கிமில்.

சரி, இது மாஸா, லிவர்வொர்ட்டா? ஆண்செடி கிடைத்து, அதன் விந்து பெண்செடியைச் சேர்ந்து, வித்துத்தூள் நிறைந்த சிறு உறை ஒன்று தோன்றினால், அந்த உறையின் அமைப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் கிடைத்த செடியெல்லாம் பெண். ஆண்டுகள் பல கடந்தும் ஓர் ஆண்செடி கூட அகப்படவில்லை. கடைசியில் அலாஸ்காவிலிருந்து மேற்கே நீளும் அலூஷியன் தீவுகளில் ஆணும் உறையும் கிடைத்தன. 1993இல் அச்செய்தி வெளியாயிற்று. உறையைப் பார்த்ததும் வழக்குத் தீர்ந்தது: டக்காக்கியா மாஸே. ஹூக்கர் செடியைப் பறித்து ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு! நம் நீதிமன்றங்களே தேவலை போலும்.

அப்படியானால் ஆணில்லாத மலைகளில் இது எப்படிப் பெருகுகிறது? இதன் இலைகள் விரல் விரலாகப் பிளந்து நிற்கும், எளிதில் ஒடியும். ஒடிந்த துண்டு ஈரமான பாறைப் பிளவில் தங்கினால் முளைத்துவிடும். தரைக்கடியில் ஓடும் வெண்ணிறத் தண்டிலிருந்தும் புதுத் தளிர்கள் எழும். முருங்கைக் கிளையை ஒடித்து நட்டு மரமாக்குகிறோமே, ஏறக்குறைய அதே முறைதான். புதிய செடி பழைய செடியின் பிள்ளை என்று சொல்வதைக் காட்டிலும், பழைய செடியே மறுபடியும் நிற்கிறது என்பது பொருந்தும்.

நம் சிப்பூர்த் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதன் நடுமரம் புயலாலும் காளானாலும் நைந்து போய் 1925இல் அகற்றப்பட்டது. ஆயினும் ஆயிரக்கணக்கான விழுதுகளோடு மரம் இன்றும் அகன்று கொண்டே போகிறது. தாய்மரம் எது, சேய்மரம் எது என்று யார் சொல்வது?

இனிக் கிரேஃபிஷ். இதன் வரலாறு டக்காக்கியாவின் வரலாற்றுக்கு நேர் எதிரானது. டக்காக்கியாவின் மரபு ஏறத்தாழ 39 கோடி ஆண்டுப் பழமை உடையது என்கின்றனர். பளிங்குக் கிரேஃபிஷின் வயதோ நம்மில் பலரின் அண்ணன் அக்காமார் வயதுதான். 1990களின் நடுவில் ஜெர்மனியில் வீட்டுத் தொட்டிகளில் அழகுப் பிராணி வளர்ப்போர் கையில் இது முதலில் காணப்பட்டது. உடலெங்கும் பளிங்குக் கல்லைப் போல் வரிகளும் புள்ளிகளும் இருப்பதால் அப்பெயர். தொட்டியில் ஒன்றே ஒன்றைத் தனியாக விட்டவர்கள் சில மாதங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைக் கண்டு திகைத்தனர். நண்பர்களுக்குக் கொடுத்தனர், கடைகளுக்குக் கொடுத்தனர், கொடுத்தும் மாளாமல் சிலர் குளத்தில் கொட்டினர். 2003இல் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து, இது பெண் மட்டுமே உள்ள இனம், இணைசேராமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினர். பத்துக்கால் கொண்ட இறால், நண்டு, சிங்கி இறால் வகுப்பு முழுவதிலும் இப்படி வாழும் இனம் வேறொன்று அதுவரை தெரியாது.

இதன் முன்னோர் அமெரிக்காவில் ஃபுளோரிடா, ஜார்ஜியா பகுதிகளின் சதுப்புகளில் வாழும் வேறொரு கிரேஃபிஷ். அங்கே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. அந்த இனத்தில் ஏதோ ஒரு கருவில் குரோமசோம்கள் இரண்டு தொகுதியாகப் பிரியாமல் மூன்று தொகுதியாகத் தங்கிவிட்டன. அந்த ஒரு கருவிலிருந்து பிறந்த ஒரு பெண்தான் இன்று உலகெங்கும் உள்ள பளிங்குக் கிரேஃபிஷ் அனைத்துக்கும் தாய். ஜெர்மனியில் ஃபிராங்க் லைக்கோவின் குழுவினர் 2018இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டனர். பல நாடுகளில் பிடித்தவற்றை ஒப்பிட்டபோது, அவற்றிடையே வேறுபாடு மிக மிகச் சிறிதே இருந்தது. கோடிக்கணக்கான உடல்கள், உள்ளிருப்பது ஏறத்தாழ ஒரே பிராணி.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டக்காக்கியா இனம் ஒன்றின் பசும்பகுதியில் உள்ள குரோமசோம்கள் நான்கே நான்கு, மற்றொன்றில் ஐந்து. நிலத் தாவரங்களிலேயே மிகக் குறைந்த கணக்குகளில் இஃது ஒன்று. பளிங்குக் கிரேஃபிஷிலோ 276. அதாவது 92 வீதம் மூன்று தொகுதி. இந்த எண்களை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆணில்லாமல் வாழ்வதில் உள்ள அபாயத்தை இவ்விரண்டும் எப்படி எப்படித் தாங்குகின்றன என்பதற்கு இதிலேதான் விடை இருக்கிறது.

அபாயம் யாது? நம் ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை நூறு, இருநூறு ஆண்டுகளில் செல்லரித்துப் போகும். ஆதலால் ஒருவர் பார்த்து மற்றொருவர் எழுதி, அதைப் பார்த்து வேறொருவர் எழுதி, இப்படியே நூல்கள் வாழ்ந்தன. எழுதுவோர் கை ஒவ்வொரு முறையும் ஓரெழுத்தைத் தவற விடும். ஒரு கொம்பைச் சுழித்துவிடும். அடுத்தவர் அந்தப் பிழையோடு சேர்த்து எழுதுவார். தம் பங்குக்கு ஒன்றையும் சேர்ப்பார். ஒரே சுவடியின் வழிவழிப் படிகள் மட்டும் நம்மிடம் இருந்தால் பிழையை எடுக்கவே வழியில்லை; கூட்டத்தான் வழியுண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது என்ன செய்தார்? வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார். ஒன்றில் பிழையான இடம் மற்றொன்றில் சரியாக இருந்தது. அப்படித்தான் நூல் மீண்டது.

ஆணும் பெண்ணும் கூடிப் பிள்ளை பெறுவதை உயிர்நூல் நோக்கில் சுவடி ஒப்பிடுதல் என்றே சொல்லலாம். தந்தையிடமிருந்து ஒரு சுவடி, தாயிடமிருந்து ஒரு சுவடி. இரண்டும் கலந்து பிள்ளைகள் பிறக்கும்போது, சில பிள்ளைக்கு இருவர் பிழையும் சேரும். சில பிள்ளைக்கு இருவர் பிழையும் நீங்கும். பிழை குறைந்த பிள்ளைகள் தழைக்கும். இயற்கைக்கு உ. வே. சா.வின் பொறுமை கிடையாது என்பது உண்மையே. நன்றாய் இருப்பதை வாழவிட்டு, இல்லாததைக் கொன்று பதிப்பிக்கிறது. ஆயினும் பிழை குறைகிறது. தாய் ஒருத்தியே படியெடுத்துக்கொண்டிருந்தால் இந்த வசதி இல்லை. ஹெர்மன் முல்லர் என்னும் மரபியல் அறிஞர் 1964இல் இதைப் பற்சக்கரத்துக்கு ஒப்பிட்டார். கிணற்றில் நீர் இறைக்கும் உருளையில் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பல் ஒன்று இருக்குமே, அதுபோல் பிழையின் எண்ணிக்கை ஒரு பக்கமே திரும்பும்.

கிரேஃபிஷ் இதைச் சமாளிப்பது செல்வர் வீட்டு முறை. ஒரே பெட்டிக்குள் மூன்று சுவடி வைத்திருக்கிறது. அவற்றுள் இரண்டு ஒன்றைப் போல் ஒன்றிருக்கும். மூன்றாவது சற்று வேறு ஊர்ப் பாடம். ஒன்றில் எழுத்துச் சிதைந்தால் மற்ற இரண்டைக் கொண்டு காலம் தள்ளலாம். பிழை நீங்குவதில்லை, மறைந்து கிடக்கிறது. அதனால்தான் பிறந்து முப்பது ஆண்டில் எந்தக் குறையும் வெளியே தெரியவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து எப்படி என்பது வேறு கேள்வி.

டக்காக்கியா சமாளிப்பது ஏழை வீட்டு முறை. மாஸின் பச்சை உடலில் ஒரே ஒரு தொகுதி குரோமசோம்தான். பெட்டியில் ஒரே சுவடி. அதில் முக்கியமான இடத்தில் எழுத்துக் கெட்டால் அந்தத் துண்டு அப்போதே தெரிந்துவிடும், வாழாது. பக்கத்துத் துண்டு வாழும். மறைக்க இடமில்லாத வீட்டில் குப்பை சேர்வதில்லை அல்லவா? அதோடு, சீன அறிஞர் ஹ யிகுன், ஜெர்மானியர் ரால்ஃப் ரெஸ்கி முதலியோர் 2023இல் 'செல்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டியது. திபெத்திய மேட்டில் 4,000 மீட்டருக்கு மேல், ஆண்டில் எட்டு மாதம் பனிக்கடியிலும், மீதி நாளில் கொடிய புற ஊதாக் கதிருக்கு அடியிலும் கிடக்கும் இச்செடியில், சிதைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடுவதற்கும் கதிரைத் தாங்குவதற்கும் உரிய மரபணுக்கள் நன்கு தேறியிருக்கின்றன. விரைவாக மாறிவரும் மரபணுக்கள் மிகுதியாக உள்ள மாஸ் இதுவே என்றும் கண்டனர். இங்கேதான் எனக்கு வியப்பு. உருவத்தில் 16 கோடியே 50 லட்சம் ஆண்டுப் பழைய புதைபடிவத்துக்கும் இன்றைய செடிக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வெளியே அசையாமல் நிற்கிறது. உள்ளே ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. இமயமலை எழும்புவதற்கு முன்பே இருந்து, மலை எழும்ப எழும்ப அதனுடன் மேலே போன குலம் இது.

அப்படிப்பட்ட செடி இப்போது குறைந்து வருகிறது. அதே குழுவினர் 2010 முதல் பத்தாண்டுக்கு மேல் மலையேறி, திபெத்தில் அது படர்ந்திருக்கும் பரப்பை அளந்தனர். ஆண்டுக்குச் சுமார் 1.6 விழுக்காடு வீதம் சுருங்கியிருந்தது. காரணம் ஆணில்லாமை அன்று, வெப்பம். பனியாறுகள் பின்வாங்குகின்றன. குளிர்ந்த ஈரப் பிளவுகள் காய்கின்றன. சமவெளிப் பிராணியாயின் மேலே ஏறித் தப்பலாம். உச்சியில் இருப்பது எங்கே ஏறும்? இந்நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் சேர்த்து 1,000 முதல் 1,500 சதுரக் கிலோமீட்டர் இடமே அதற்கு ஏற்றதாக எஞ்சும் என்று கணக்கிட்டுள்ளனர். கல்கத்தா மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 206 சதுரக் கிலோமீட்டர். ஐந்து முதல் ஏழு கல்கத்தாக்களை உலக மலைகள் முழுவதிலும் துண்டு துண்டாகத் தூவினால் எவ்வளவோ, அவ்வளவே.

கிரேஃபிஷின் கணக்கைக் கேளுங்கள். மடகாஸ்கர் தீவில் 2007இல் அது இருந்த பரப்பு ஏறத்தாழ 1,000 சதுரக் கிலோமீட்டர். பத்தே ஆண்டில் நூறு மடங்காகி ஒரு லட்சத்தைத் தாண்டியது. மேற்கு வங்க மாநிலம் முழுவதும் 88,752 சதுரக் கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்வயல், கால்வாய், செங்கல் சூளைக் குட்டை என எல்லா நீரிலும் புகுந்துவிட்டது. அந்தத் தீவுக்கே உரிய, வேறெங்கும் இல்லாத கிரேஃபிஷ் இனங்கள் மலையோடைகளில் வாழ்கின்றன. அவற்றின் கதி என்னாகும் என்று அறிஞர் கவலைப்படுகின்றனர். ஐரோப்பாவில் கவலை இன்னும் பெரிது. அமெரிக்கக் கிரேஃபிஷ்கள் பூஞ்சை போன்ற ஓர் உயிரி உண்டாக்கும் நோயைச் சுமந்து திரியும். அவற்றுக்கு அது பெரிதாகத் தீங்கு செய்யாது. ஐரோப்பிய இனங்களோ கூண்டோடு மாண்டுபோகும். ஆகவே 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் பளிங்குக் கிரேஃபிஷை வளர்க்கவும் விற்கவும் தடை விதித்தது.

பத்திரிகைகள் சில அந்நாளில் இதை அரக்கி என்றும் பூதம் என்றும் எழுதின. அது எனக்கு உடன்பாடன்று. மடகாஸ்கரில் ஏழை மக்களுக்கு அது மலிவான புலால். சந்தையில் குவித்து விற்கிறார்கள். நத்தைக் காய்ச்சல் என்னும் நோயைப் பரப்பும் நத்தைகளை அது தின்றுவிடுமா என்றும் ஆராய்கிறார்கள். பிராணி செய்ததெல்லாம் தின்றதும் முட்டையிட்டதும்தான். ஜெர்மனியிலிருந்து ஆப்பிரிக்கத் தீவுக்கு அது நீந்திப் போகவில்லை. யாரோ ஒருவர் கையில்தான் போயிற்று.

நான் கண்ட விடை இதுதான். தந்தையில்லாமை டக்காக்கியாவை அரிதாக்கவும் இல்லை. கிரேஃபிஷை மலிவாக்கவும் இல்லை. தனித்தாய் முறையால் ஒரு வசதி உண்டு. புது இடத்துக்கு ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தாலும் குலம் நிலைத்துவிடும். துணை தேட வேண்டியதில்லை. அந்த வசதி யாருக்குப் பயன்படும்? போகிறவனுக்குத்தான் பயன்படும். கிரேஃபிஷை மனிதன் பையில் போட்டுக் கொண்டு போகிறான், எந்த நீரும் அதற்கு ஆகும், எதையும் தின்னும். டக்காக்கியாவை யாரும் கொண்டு போவதில்லை. கொண்டு போனாலும் கல்கத்தா வெயிலில் நிற்காது. அதன் வீடு ஒரு குளிர்ந்த பாறைப் பிளவு. அந்த வீட்டைத்தான் நாம் சூடாக்குகிறோம். ஒன்றைச் சுமந்து செல்லும் கையும் மற்றொன்றின் பனியைக் கரைக்கும் கையும் ஒன்றே. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை நான். ஆகையால் வந்தேறி என்பதற்காக எந்தப் பிராணியையும் வெறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் கணக்குக் கணக்குத்தான்.

நம் ஊர்க் கணக்கையும் பார்ப்போம். சுவர்களில் நாம் காணும் மாஸ்களுள் ஹயோபிலா என்பது மிகச் சாதாரணம். அதுவும் பெரும்பாலும் வித்துறை தோன்றாமல், இலையிடுக்கில் உண்டாகும் நுண்ணிய மொட்டுகளை மழைத்துளி தெறிக்கச் செய்து பரவுகிறது. அதாவது டக்காக்கியாவின் வித்தையேதான். செங்கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டும் அதற்குப் பிடித்த வீடு. நாமோ வீடு கட்டிக்கொண்டே இருக்கிறோம். ஆகவே அது மலிந்திருக்கிறது. குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத் தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதைக் கச்சுரிப்பானா என்பர். தென்னமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்கம் வந்த இச்செடி, ஓடுதண்டு விட்டுத் தன்னையே படியெடுத்து நீர்வழிகளை அடைத்தது. அதை அகற்றுவதற்கென்றே 1936இல் வங்காளத்தில் ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. சட்டத்தைப் படிக்க அந்தச் செடிக்குத் தெரியாது. இன்றும் செழிப்பாக இருக்கிறது. கிழக்குக் கல்கத்தாவின் சதுப்பு நிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நகரத்தின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கும் அதிசயம் அது. அங்கும் மீன்தொட்டிகளிலிருந்து தப்பிய தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி புகுந்து, மீன் வளர்ப்போர் வலைகளில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

அலங்கார மீன் வியாபாரத்தில் அயல்நாட்டுக் கிரேஃபிஷ்களும் இந்தியாவில் கைமாறுகின்றன. மடகாஸ்கரின் வயலுக்கு ஒத்த பிராணிக்கு வங்காளத்து வயலும், நம் தஞ்சைப் பக்கத்து வாய்க்காலும் ஒத்துத்தான் போகும். விடுதி அறையில் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள், பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும்போது, பாவம் பார்த்து அதை ஹூக்ளியிலோ விடுதிக்குப் பின்புறக் குளத்திலோ விட வேண்டாம். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒன்றுதானே என்று எண்ணாதீர்கள். இக்கட்டுரை முழுவதும் நான் சொல்லிவந்தது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

மாஸ் பக்கம் ஆவல் உள்ளவர்களுக்கு ஒரு சொல். நம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த ஹிரேந்திர சந்திர கங்கூலி, கிழக்கிந்தியாவின் மாஸ்களைப் பற்றி 1969 முதல் 1980 வரை பகுதி பகுதியாக ஒரு பெருநூல் வெளியிட்டார். தமிழ்நாட்டுக்கு, பழனி மலை மாஸ்களைப் பற்றி ஏசு சபைப் பாதிரியார் ஃபொரோ 1961இல் வெளியிட்ட பட்டியல் இருக்கிறது. விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறவர்கள் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லலாம். எதிர்க்கரையில் தாவர ஆய்வுத் துறையின் மத்திய தாவர நிலையத்தில் ஏறத்தாழ 20 லட்சம் உலர்தாவரங்கள் பாதுகாக்கப்படுகின்றன. கார்டன் ரீச்சிலிருந்து அக்கரைக்குப் படகு உண்டு.

விலங்குப் பக்கம் ஆவல் உள்ளவர்களுக்குக் கடைத்தெருவே போதும். கல்தா சிங்ரியின் நீண்ட நீலக் கைகளைக் கவனியுங்கள். அவை இரண்டாவது இணைக் கால்கள். முதல் இணை மெலிந்து சிறுத்திருக்கும். கிரேஃபிஷுக்கோ தடித்த கொடுக்கு முதல் இணையிலேயே இருக்கும். அதை அடுத்த இரண்டு இணைகளிலும் சிறு கொடுக்குகள் இருக்கும். இறாலின் உடல் பக்கவாட்டில் நசுங்கினாற் போல் இருக்கும். கிரேஃபிஷின் உடல் அவ்வாறன்றி உருண்டு திரண்டிருக்கும். கூடையில் அப்படி ஒன்று எப்போதாவது கண்ணில் பட்டால், விலை பேசி வாங்கிக் குழம்பில் போட்டுவிடாமல், அது எந்தக் குளத்தில் பிடிபட்டது என்று மீன்காரரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நியூ அலிப்பூரில் உள்ள விலங்கியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். இங்கிருந்து அதிக தூரமில்லை.